மூடி பிடித்தவள்

சூப்பைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களை நான் நம்புவதில்லை. நாக்கு வெந்தவனுக்கு உப்பும் தெரியாது, மிளகும் தெரியாது, ஊர் தன்னைப் பற்றி என்ன பேசுகிறது என்பதும் தெரியாது. திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி அப்படித்தான் குடிப்பார். அவர் உறிஞ்சிய சத்தத்தில் பல்லடத்துக் கோழிப் பண்ணைகளில் முட்டை நின்றுபோனது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்ந்தவனுக்குக் கூட்டிச் சொல்லாமல் வேறு என்ன பொழுதுபோக்கு? ஓரிடத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

என் பெயர் சீனிச்சாமி. பிறந்தது தேனிப் பக்கம். வளர்ந்தது வால்பாறையில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் பங்களாச் சமையலறையில். கடைசி வெள்ளைக்காரத் துரைக்கு நான்தான் பட்லர். அவரிடம் நான் கற்றது இரண்டு. ஒன்று இங்கிலீஷ், மற்றது டியூரீன். இங்கிலீஷை இந்த ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். நன்றாகப் பேசாவிட்டாலும் சத்தமாகப் பேசுகிறார்கள். டியூரீன்தான் ஒருவருக்கும் தெரியாது.

சூப்பை மேஜைக்குக் கொண்டுவருகிற பெரிய பீங்கான் பாத்திரம் அது. இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே கோபுரம் மாதிரி மூடி, அடியில் அதற்கென்றே ஒரு தட்டு. இருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவின் பெரிய குடும்பங்கள் தங்கள் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்பும். சீனத்துக்காரன் அதைப் பார்த்துப் பீங்கானில் எழுதிச் சுட்டு, திரும்புகிற கப்பலில் ஏற்றுவான். அவனுக்கு அந்தக் குடும்பமும் தெரியாது, அவர்கள் குடிக்கிற சூப்பும் தெரியாது. அதனால் அவன் வரைந்த சிங்கங்கள் வீட்டு நாய் மாதிரி சிரிக்கும். என் முதல் டியூரீனில் அப்படி ஒரு சிங்கம் இருக்கிறது. கைப்பிடிகள் முயல் தலை. மூடியின் உச்சியில் பொன் பூசிய மாதுளம்பழம். துரை ஊருக்குப் போகும்போது எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். துரை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என் தகரப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே இது இருந்தது. அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எண்பத்து நாலில் மலையிறங்கினேன். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் திருப்பூருக்கு நேரிலேயே வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முந்தின வருஷம் வரை சைக்கிள் கேரியரில் பனியன் கட்டிக்கொண்டு போனவர்கள் திடீரென்று கார் வாங்கினார்கள். அதில் உட்காரக் கூச்சப்பட்டு, டிரைவரைக் காரில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே சைக்கிளில் போனார்கள். பையருக்குப் பனியன் மூட்டையின் மேல் வாழையிலை விரித்துச் சோறு போட்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் பச்சை மிளகாயை பீன்ஸ் என்று நினைத்துக் கடித்துவிட்டு, கோயம்புத்தூர் விமான நிலையம் வரை வாயைத் திறந்துகொண்டே போனாராம். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடினார்கள்.

"ஏனுங்க சீனிச்சாமி, வெள்ளக்காரனுக்குப் புடிச்சாப்புல சோறு போடுவீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"சோறு போடமாட்டேனுங்க. சூப்பு போடுவேன்."

"அது சோத்துக்கு மேல ஊத்திக்கறதுதானுங்க?"

இந்த மாதிரி மனிதர்கள் நடுவில்தான் நான் டியூரீனைத் திறந்தேன். முதலாளியின் மனைவி ஞானாம்பாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளையல் போட்ட கையை அவர் ஒரு தரம் தூக்கினால் அவிநாசியில் கோயில் மணி அடிக்கிறது என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், என் டியூரீன் மூடி ஒரு முழம் மேலே எழும்பி நிற்கிறது. அடியில் வெள்ளையாக நுரை.

"அண்ணா, உங்க குண்டாவுல இட்லிமாவு என்னமாப் பொங்கியிருக்குது பாருங்க. நம்மூட்டுச் சட்டியில இப்பிடிப் பொங்கவே பொங்காதுங்க."

மாவை வழித்தெடுத்து, வெந்நீரில் கழுவி, பனியன் துணியால் துடைத்து வைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த மாவோடு சாக்கடைக்குப் போனது என்றால் அது மிகையில்லை. சரி, மிகைதான்.

கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணியை வாங்கி மில்களுக்கு விற்கிற ஜமால் பாய்தான் எனக்கு மற்ற டியூரீன்களைக் கொண்டுவந்தார். லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்கும் காரைக்குடிக்கும் போவார். திரும்பும்போது பழைய வீடுகளில் கிடைத்ததை வெட்டுத்துணிக்குள் புதைத்து எடுத்துவருவார். சீனாவை விட்டபின் அந்தப் பீங்கான்களுக்கு அப்படியொரு மெத்தை கிடைத்திருக்காது. நான் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். அடிவளையத்தைத் தடவுவேன். கை நெருடினால் உண்மை, வழுக்கினால் புதுச் சரக்கு.

"சீனியண்ணே, இதுக்கு மூடி இல்லீங்க. கொறச்சுப் போட்டுக்குங்க."

"மூடி இல்லேன்னா அது டியூரீன் இல்ல பாய். சட்டி."

"அப்பச் சட்டின்னே வாங்கிக்குங்களேன். அதுக்குத் தெரியவா போகுது?"

வாங்கமாட்டேன். துரை சொல்லிக்கொடுத்த பாடம் அது. டியூரீனின் மானம் மூடியில் இருக்கிறது. விருந்தாளிகள் உட்கார்ந்தபின் மேஜையில்தான் மூடியைத் திறக்கவேண்டும். உள்பக்கத்தில் ஆவி நீராகக் கோத்திருக்கும். ஒரு சொட்டு மேஜைத்துணியில் விழுந்தாலும் பட்லருக்கு அவமானம். அதனால் மூடியைச் சட்டென்று புரட்டி, பக்கத்தில் நிற்கிற ஆளின் கையில் கொடுக்கவேண்டும். அந்த ஆள் சூப்பு முடிகிறவரை இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும். வேறு ஒரு வேலையும் கிடையாது. கம்பெனியில் அதற்கு வாட்ச்மேன் மூக்கையாவைப் பழக்கியிருந்தேன். வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டால் அவனும் மனிதன் மாதிரிதான் இருப்பான்.

இனி கம்பெனியில் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றி.

தொண்ணூறுகளில் சீமைக்காரர்களுக்கு ஞானம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் கைபட்ட துணி வேண்டாம் என்றார்கள். துணியின் விலை மட்டும் பழைய விலையாகவே இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். ஆகவே எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டையும் ஒப்புக்கொண்டோம். பையர் வருகிற அன்று, தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற பிள்ளைகளை எல்லாம் பின்புறத்து வேஸ்ட் குடோனில் விட்டுப் பூட்டுவோம். வெட்டுத்துணி கொட்டிவைக்கிற அறை அது. செங்கல் சுவர், தகரக் கூரை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது.

பூட்டுகிற வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. திறக்கிற வழக்கத்தை எங்கள் கம்பெனியில் நான்தான் ஏற்படுத்தினேன். பையர் செக்ஷன்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்கு வருவார். பின்புறத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி நாற்காலி போட்டிருப்பேன். டியூரீனை மேஜையில் வைப்பேன். கரண்டியை வேண்டுமென்றே சமையலறையில் விட்டு வந்திருப்பேன். அதை எடுக்கப் போகிற சாக்கில் குடோனைத் திறந்துவிடுவேன். பிள்ளைகள் பின்கேட் வழியாக ஓடி, கார் கிளம்பும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். சூப்பு மேஜைக்கு வந்தால் குடோன் திறக்கும். இது கம்பெனி முழுக்கத் தெரியும். சாவி என் வெள்ளைக் கோட்டின் பையில் இருக்கும். சூப்பர்வைசர் பையரோடு நடப்பவர், அவர் கையில் சாவி குலுங்கினால் எந்தக் கதவுக்கு என்று கேள்வி வரும் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

செக்கிங் செக்ஷனில் ஒச்சம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் இல்லை. மகள் ராமுத்தாயும் அங்கேயே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் நான் டியூரீனை ஒத்திகைக்காக மேஜையில் வைத்திருந்தபோது எட்டிப் பார்த்து, "தாத்தா, இம்புட்டுப் பெரிய சட்டியில இம்புட்டூண்டு தண்ணியா? எங்கூட்டுல இதுல பத்துப் பேருக்குக் கஞ்சி காச்சுவாகளே," என்றாள். கூட நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மூக்கையாவும் சிரித்தான். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

தொண்ணூற்று நாலு, சித்திரை மாதம். வெயில் எப்படி என்றால், ரோட்டில் நின்ற பஸ்ஸின் டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு, பஸ்ஸை ரோட்டோடு சேர்த்துத்தான் எடுத்துப்போனார்கள். ஹாலந்திலிருந்து ஒரு புதுப் பையர் வருகிறார் என்றார்கள். ஹாலந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் காலத்தில் சீனத்துப் பீங்கானைக் கப்பல் கப்பலாக அள்ளிப்போனவர்கள் அவர்கள். பத்து வருஷமாக இட்லிமாவுக்கும் குண்டாவுக்கும் நடுவில் காத்திருந்தவனுக்கு, கடைசியில் ஒரு மனிதர் வருகிறார்.

காலையில் முதல் வேலையாகச் சாப்பாட்டு அறையை முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் நாற்றம். முதலாளியின் தம்பி துணி வெளுக்கிற பிளீச்சிங் யூனிட் நடத்துபவர். அவருடைய டிரம்களைப் பக்கத்து ஷெட்டில் இறக்கி வைத்திருந்தார்கள். தெளிந்த கோழி சூப்பு என்பது முக்கால் பங்கு வாசனை. அதில் பிளீச்சிங் பவுடர் கலந்தால் குடிக்கிறவனுக்கு நீச்சல் குளம் ஞாபகம் வரும். டிரம்களை உருட்டி வேஸ்ட் குடோனுக்குள் வைக்கச் சொன்னேன். ஒன்றின் மூடி நசுங்கியிருந்தது.

"அண்ணா, அங்க பொடுசுகளை விடோணுமுங்களே," என்றார் சூப்பர்வைசர்.

"நேத்து வரைக்கும் பஞ்சோட இருந்துச்சுக. இன்னைக்கு டிரம்மோட இருக்கட்டும். கொஞ்ச நேரந்தானே," என்றேன்.

பிறகு ஒச்சம்மாள் வந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள்.

"அய்யா, இன்னைக்கு மட்டும் இவள வீட்டுக்கு அனுப்பிர்றேன்யா. விடிய விடிய இழுப்பு. மூச்சு விடவே செரமப்படுறா."

"இப்ப அனுப்புனா கேட்டுல காரு எதுக்க வரும். பிள்ளையப் பாத்துட்டா மொதலாளி என்னய உரிச்சுப்புடுவாரு. சூப்பு வெச்சதும் தொறந்துருவேன்ல. போ தாயி."

"நீங்களே தொறப்பீகளாய்யா?"

"நானேதான். சாவி எங்கிட்டத்தான் இருக்கு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. ஊர்க்காரன் கையில் சாவி இருந்தால் அவர்களுக்கு ஒரு தைரியம். ராமுத்தாய் என் கோட்டைப் பார்த்து, "தாத்தா, இன்னைக்கும் அந்தச் சட்டியா?" என்றாள். பேசுகிறபோது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

பையர் வந்தார். உயரமானவர், தலையில் முடி இல்லை, கண் மட்டும் துருதுருவென்று. செக்ஷன்களைச் சுற்றினார். பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். முதலாளி, "எங்க கம்பெனியில மீசை இல்லாதவனுக்கு வேலையே இல்லீங்க," என்று சொன்னதை நான்தான் இங்கிலீஷில் கொஞ்சம் அடக்கமாகச் சொன்னேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் டியூரீனைக் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் சூப்பைப் பார்க்கவில்லை. டியூரீனைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கிட்டே வந்து, தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். தொடக்கூடாது என்று தெரிந்த மனிதர். இந்த ஊரில் அப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை. இந்தக் குடும்பச் சின்னத்தை என் அத்தை வீட்டில் ஒரு தட்டில் பார்த்திருக்கிறேன் என்றார். இதை எப்படி வைத்திருக்கிறீர்கள், ஒரு விரிசல்கூட இல்லையே என்று கேட்டார். முதலாளியிடம் அல்ல, என்னிடம் கேட்டார். முதலாளி அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பதில் சொன்னேன். முயல் தலையைப் பற்றிச் சொன்னேன், மாதுளம்பழத்தைப் பற்றிச் சொன்னேன், நாய் மாதிரி சிரிக்கிற சிங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பைப் போல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பின்கதவில் ஒச்சம்மாள் வந்து நின்றாள். சூப்பு மேஜைக்கு வந்துவிட்டது, குடோன் இன்னும் திறக்கவில்லை. கண்ணாலேயே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன், பொறு என்று. அவள் போய்விட்டாள்.

மற்ற டியூரீன்கள் உண்டா என்று அவர் கேட்டார். என் அறை பக்கத்தில்தான். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். நீலம் எழுதியதை, ரோஜா எழுதியதை, பழைய காலத்தில் பித்தளைக் கம்பி போட்டுத் தைத்த விரிசல் உள்ளதை. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முதலாளிக்குப் பசி. "அதைய அப்பறம் காட்டலாமுங்க, சூப்பை ஊத்துங்க," என்றார். சரி என்று முதல் டியூரீனின் மூடியைத் தூக்கப் போனபோதுதான் நினைவு வந்தது, மூக்கையா சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயிருந்தான். மூடி பிடிக்க ஆள் இல்லை.

அந்த நேரத்தில் ஒச்சம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, "அய்யா, சாவி," என்றாள்.

பையர் திரும்பிப் பார்த்தார். நான் மூடியைத் தூக்கினேன், ஒரு சொட்டு சிந்தாமல் புரட்டினேன், அவள் இரண்டு கையிலும் வைத்தேன். மூடி பிடிக்கிற பெண், ஸார், இதுதான் எங்கள் வழக்கம் என்றேன். பையருக்கு ஒரே மகிழ்ச்சி. காமிராவை எடுத்துப் படம் பிடித்தார்.

"ஆடாம நில்லு. அது விழுந்துச்சுன்னா ஒன்னய வித்தாலும் பத்தாது," என்று அவள் காதில் சொன்னேன்.

"எம் புள்ளய்யா."

"தொறக்குறேன். நில்லு."

அவள் நின்றாள். முதல் தடவை பிடிப்பவள் மாதிரியே இல்லை. கை இம்மியும் ஆடவில்லை. மூக்கையாவுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தும் வராதது. நான் சூப்பை ஊற்றினேன். தங்க நிறம். குழித்தட்டின் உள்ளே எழுதிய பூ சூப்புக்கு அடியில் தெரிந்தது. பையர் முதல் வாயை எடுத்துக் கண்ணை மூடினார்.

தட்டுகிற சத்தம் கேட்டது. தகரக் கதவில். முதலில் பலபேர் தட்டுகிற மாதிரி, பிறகு அதில் ஒன்று மட்டும். முதலாளி என்னைப் பார்த்தார். அப்பளத்தை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் திறந்திருந்தால் நானும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என்ன சத்தம் என்று பையர் கேட்டார். மெஷின் என்றேன். பிறகு அவருக்குப் பீங்கான் கப்பல்கள் எப்படித் தேயிலையை மேலேயும் பீங்கானை அடியிலேயும் ஏற்றின என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததைத் தெரிந்தவனிடம் சொல்வதில் இருக்கிற சுகத்தை நீங்கள் அனுபவித்திருக்கமாட்டீர்கள். அவர் இரண்டாவது தடவை சூப்புக் கேட்டார். ஊற்றினேன்.

ஒச்சம்மாள் என் பக்கத்தில்தான் நின்றாள். மூடியின் ஓரத்தில் நீர்த்துளி உருண்டு அவள் விரலில் இறங்கியது. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தம் நின்னுருச்சுய்யா."

"நல்லதாப் போச்சு," என்றேன்.

அப்புறம் எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். சூப்பு முடிகிற நேரம். பையர் தட்டைத் தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டதும், ஒச்சம்மாள் மேஜையில் கிடந்த கைத்துணியை முழங்கையாலேயே இழுத்து, நான்காக மடிந்த அதன் மேல் மூடியைத் தலைகீழாக வைத்தாள். மாதுளம்பழம் இடிக்காமல் வைத்தாள். பிறகு ஓடினாள். சாவி என்னிடம் இருக்கிறது என்பதைக்கூட மறந்து ஓடினாள். நான் கை துடைத்துக்கொண்டு, பையரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, பின்னால் போனேன். ஓடவில்லை. ஓடினால் பையர் என்ன நினைப்பார்.

திறந்தேன். மற்றப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வெளியே வந்தன. ராமுத்தாய் கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். புத்திசாலிப் பெண். காற்று வருகிற இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள்.

நான் கதவைத் திரும்பவும் சாத்திவிட்டு உள்ளே போய் காபி கொடுத்தேன். பையர் நல்ல கம்பெனி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மூன்று வருஷம் அவர் ஆர்டர்தான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. பூங்கொத்தும் கடிதமும் முதலாளிக்கு வந்தன. எனக்கு வந்தது அந்தப் படத்தின் ஒரு பிரதி.

பிள்ளை செத்ததை விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி சொன்னதையே நானும் சொன்னேன். அந்தப் பெண் இங்கே வேலை செய்பவள் அல்ல, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், வெட்டுத்துணியில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், கதவு பூட்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இழுப்புக்காரி. இந்தக் கடைசி வாக்கியம் உண்மை என்பதால் மற்றவையும் உண்மை மாதிரி ஒலித்தன. ஜமால் பாய் மட்டும் அதற்குப் பிறகு என் வாசலுக்கு வரவில்லை. என்னிடம் இருந்த மாதிரி ஒரு சேகரிப்பு தன்னிடம் இல்லை என்கிற பொறாமைதான், வேறென்ன.

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அன்று நான் மறக்கவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று என்று முதலாளியிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன், அது பொய். அன்று காலையிலேயே கரண்டியைச் சமையலறையில் விடாமல் டியூரீனோடு சேர்த்து மேஜைக்கே கொண்டுவந்திருந்தேன். ஹாலந்துக்காரர் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த மேஜையை விட்டு ஒரு நிமிஷமும் நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் பெண்ணின் நெஞ்சு விசிலடித்ததைக் கேட்டபின்னும் அந்த முடிவை மாற்றவில்லை. தட்டுகிற சத்தத்தில் கடைசியாக மிஞ்சியது யாருடையது என்று எனக்குத் தெரியும். உயரம் குறைந்த இடத்திலிருந்து வந்தது. எழுந்து போய்த் திறந்திருந்தால் பையர் பேச்சை நிறுத்தியிருப்பார், திரும்பும்போது அவர் ஆர்டரைப் பற்றி முதலாளியோடு பேசத் தொடங்கியிருப்பார், என் முறை முடிந்திருக்கும். ஆகவே திறக்கவில்லை. நியாயமாக யோசித்துப் பார்த்தால் இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை அற்பமான காரணங்களுக்காக எத்தனை கதவுகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். என் காரணம் அவற்றைவிட உயர்ந்தது.

இப்போது அவிநாசிபாளையத்தில், தாராபுரம் ரோட்டோரம் இருக்கிறேன். ரசமானாலும் டியூரீனில்தான். பஸ் ஹாரனுக்கு ஜன்னல் அதிர்ந்தாலும் என் அலமாரி அதிராது.

ஒச்சம்மாள் ஊருக்குப் போவதற்கு முன் என்னைப் பார்க்க வந்தாள். கம்பெனியில் என் அறைக்கு. நான் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்யா. அன்னைக்குச் சாவி எங்க இருந்துச்சு?"

"கோட்டுப் பையில."

"எந்தப் பக்கத்துப் பையி?"

"வலது பக்கம்."

"நா நின்ன பக்கந்தானே?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, நான் துடைத்து வைத்த மூடியை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. மாதுளம்பழத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள். எடுத்த இடத்திலேயே, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு என் மேல் கோபமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது. இருந்திருந்தால் அதைப் போட்டு உடைத்திருக்கமாட்டாளா?